கோப்பை வெளியூர் போகட்டும்

சென்ற மாதம் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் ஒரு கூட்டம் நடந்தது. ஆண்டுதோறும் தை மாதத்தில் நாங்கள் நடத்தும் கல்லூரிகளுக்கிடையிலான இலக்கியப் போட்டிகளைப் பற்றிய கூட்டம். பேச்சு, கவிதை, கட்டுரை, செய்யுள் ஒப்பித்தல் என நான்கு பிரிவுகள். மொத்தப் புள்ளிகளில் முந்தும் கல்லூரிக்கு ஒரு சுழற்கோப்பை. அந்தக் கோப்பை கடந்த ஆறு ஆண்டுகளாக எங்கள் வாசலுக்குத் திரும்பவில்லை.

துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "நம்ம மண்டபம், நம்ம கரண்டு, நம்ம சாம்பார் சாதம். கோப்பை மட்டும் வருசா வருசம் அடுத்தவன் தூக்கிட்டுப் போறான்" என்றார். அடுத்த ஆண்டிலிருந்து போட்டியை எங்கள் மாணவர்களுக்குள் மட்டும் நடத்தலாம் என்பது அவருடைய முன்மொழிவு. பலரும் தலையசைத்தார்கள். நான் தயங்கித் தயங்கி, "ஐயா, ஆல் இங்கிலாந்து என்று ஓர் இறகுப்பந்துப் போட்டி இருக்கிறது..." என்று தொடங்கினேன். "தம்பி, நாம இங்க தமிழைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அவர். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன். இலக்கியம் படிக்க வந்த நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

*

இறகுப்பந்தின் பிறப்பில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஏறக்குறைய சமபங்கு உண்டு. 1870களில் பூனாவில் முகாமிட்டிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இந்த ஆட்டத்தை ஆடிப் பழகினார்கள். அவர்களிடையே அதற்குப் 'பூனா' என்றே பெயர். ஊர் திரும்பியபோது ஆட்டத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் அதற்கு நிலைத்த பெயர், குளோஸ்டர்ஷயரில் போஃபர்ட் கோமகனுக்குச் சொந்தமான பாட்மின்டன் மாளிகையின் பெயர். (கம்பளிநூல் பந்து கொண்டு நம் ஊர்ப் பள்ளிகளில் ஆடுகிறோமே, அந்தப் பூப்பந்து வேறொரு கிளை. அதைத் தஞ்சை அரச குடும்பத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.)

1893இல் இங்கிலாந்தில் இந்த ஆட்டத்துக்கெனச் சங்கம் அமைந்தது. 1898இல் கில்ஃபோர்டு என்னும் ஊரில் யாரும் கலந்துகொள்ளலாம் என்ற பொதுப் போட்டி நடந்தது. அது தந்த துணிவில் 1899 ஏப்ரல் 4 அன்று லண்டனில், லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவின் பயிற்சிக் கூடத்தில், ஆல் இங்கிலாந்து போட்டி முதன்முதலாக நடத்தப்பட்டது. ஒரே நாளில் எல்லா ஆட்டங்களும் முடிந்தன. ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்றே பிரிவுகள். ஒற்றையர் ஆட்டங்கள் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தன. அன்றைய ஆடுகளம் உடுக்கையைப் போல நடுவில் இடை சுருங்கியது. இன்றைய நீள்சதுரம் 1901இல் நிலைபெற்றது.

தொடக்க காலத்தில் அது குடும்ப விருந்து போலத்தான் இருந்தது. ஆங்கிலேயரும் அயர்லாந்துக்காரரும் மாறி மாறி வென்றார்கள். அந்தக் காலத்தின் பெரிய பெயர் ஜார்ஜ் தாமஸ். 1903 முதல் 1928 வரை அவர் வென்ற பட்டங்கள் 21. இன்றுவரை அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. இவர் சதுரங்கத்திலும் வல்லவர். 1923இல் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தையும் பிரிட்டனின் சதுரங்கப் பட்டத்தையும் ஒருங்கே வைத்திருந்தார். கடைசிப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 46. மாலையில் கல்லூரி ஆடுகளத்தில் நாலு புள்ளி ஆடியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் என் வயது அது.

1934இல் உலக இறகுப்பந்துச் சங்கம் அமைந்தபோது இந்தத் தாமஸ்தான் அதன் முதல் தலைவர். நாடுகள் அணி அணியாக மோதும் உலகப் போட்டிக்கென்று 1939இல் ஒரு கோப்பையையும் வழங்கினார். போர் குறுக்கிட்டதால் அது 1949இல்தான் முதன்முதலாகக் கைமாறியது. வாங்கிச் சென்றது மலாயா. அந்தத் தாமஸ் கோப்பையை இங்கிலாந்து இன்றுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 2022இல் பாங்காக்கில் இந்தோனேசியாவை வென்று இந்தியா அதை வாங்கியது. ஆங்கிலேயர்களிலேயே மிகுதியான பட்டங்களை வென்றவர் வழங்கிய கோப்பை, அவருடைய நாட்டுக்கு மட்டும் எட்டாமலே சுற்றி வருகிறது.

*

ஆல் இங்கிலாந்தில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற கடைசி ஆங்கிலேயர் ரால்ஃப் நிக்கல்ஸ், ஆண்டு 1938. அடுத்த ஆண்டு ஆண்கள் ஒற்றையர் பட்டம் டென்மார்க்கின் தாகே மாட்சனுக்கும் பெண்கள் ஒற்றையர் பட்டம் கனடாவின் டோரதி வால்டனுக்கும் போயின. பிறகு போர் வந்தது. 1940 முதல் 1946 வரை போட்டியே இல்லை.

மீண்டும் அரங்கு திறந்த 1947இல் இந்தியாவிலிருந்து பிரகாஷ் நாத், தேவிந்தர் மோகன் என்ற இருவர் போனார்கள். காலிறுதியில் இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கும்படி ஆட்டம் அமைந்துவிட்டது. தங்களுக்குள் ஆடிக் களைப்பதைவிட நாணயம் சுண்டி ஒருவரை அனுப்பலாம் என்று முடிவுசெய்தார்களாம். நாணயம் பிரகாஷ் நாத்தின் பக்கம் விழுந்தது. அவர் இறுதியாட்டம் வரை முன்னேறினார். அவருடைய சொந்த ஊர் லாகூர். அந்த மார்ச் மாதத்தில் லாகூர் எரிந்துகொண்டிருந்தது. இறுதியாட்டத்தன்று காலை நாளிதழில் அந்தச் செய்தியைப் பார்த்த பிறகே அவர் அரங்குக்குப் போனார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்வீடனின் கோனி யெப்சென்னிடம் தோற்றார். ஒரு சிறுகதைக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. எழுதுவார்தான் இல்லை.

1950இல் மலாயாவின் வோங் பெங் சூன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து போய் அதை வென்ற முதல் மனிதர் அவர். 1951, 1952, 1955 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 1953, 1954, 1956, 1957 ஆண்டுகளில் வென்றவர் பினாங்கைச் சேர்ந்த எடி சூங். தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பட்டம் மலாயாவை விட்டு நகரவில்லை. இங்கே ஆண்டுக் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மலாயா விடுதலை பெற்றது 1957 ஆகஸ்டு 31 அன்று. எடி சூங் கடைசிப் பட்டத்தை வென்றது அதே ஆண்டின் மார்ச்சில். அப்படியானால் இந்த எட்டு வெற்றிகளும் ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆள்வோரின் தலைநகரில், ஆள்வோரின் பெயரைத் தாங்கிய போட்டியில் பெற்ற வெற்றிகள்.

பிறகு டென்மார்க்கின் எர்லண்ட் கோப்ஸ் ஏழு முறை வென்றார். 1968இல் இந்தோனேசியாவிலிருந்து ருடி ஹார்த்தோனோ என்ற 18 வயது இளைஞர் வந்தார். அந்த ஆண்டு தொடங்கி 1974 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக அவருக்கே பட்டம். 1975இல் டென்மார்க்கின் ஸ்வெண்ட் ப்ரியிடம் தோற்று, 1976இல் மீண்டும் வென்று எட்டாக்கினார். பெண்கள் ஒற்றையரில் அதையும் விஞ்சியவர் ஜூடி டெவ்லின் ஹாஷ்மன். கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்காக ஆடிய அவருக்கு 1954க்கும் 1967க்கும் இடையில் பத்து ஒற்றையர் பட்டங்கள் கிடைத்தன. இரட்டையரையும் சேர்த்தால் 17. அவருடைய தந்தை அயர்லாந்தின் ஃபிராங்க் டெவ்லின் முன்பே 18 பட்டங்களை வென்றிருந்தார்.

*

என் மூத்த பேராசிரியர் கேட்ட கேள்வியை இங்கிலாந்திலும் யாரேனும் கேட்டிருக்கத்தான் வேண்டும். நம் அரங்கில், நம் செலவில், நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? நியாயமான கேள்விதான். அதற்கு அங்கே கிடைத்த விடை என்னைக் கவர்கிறது. 1964இல் இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கென்றே தனியாக ஒரு தேசியப் போட்டியைத் தொடங்கினார்கள். ஆல் இங்கிலாந்தையோ எப்போதும்போல உலகுக்குத் திறந்தே வைத்திருந்தார்கள். தம் பிள்ளைகள் வளர ஒரு களம், உலகம் வந்து மோத இன்னொரு களம். ஒன்றுக்காக மற்றொன்றை மூடவில்லை.

இதை வெறும் பெருந்தன்மை என்று நான் புகழப் போவதில்லை. பேரரசு கட்டியாண்டவர்களுக்கு எல்லோரும் தம் வாசலுக்கு வருவதில் ஒரு பெருமிதம் இருந்திருக்கும். ஆட்டம் அவர்கள் ஊரில். விதிகளும் அவர்கள் எழுதியவை. மார்ச் மாதத்துக் குளிரில், கடல் கடந்து போய் நிரூபிக்க வேண்டியவர்கள் எப்போதும் மற்றவர்கள்தாம். விருந்தாளிக்கு நேர்ந்த வருத்தங்களும் உண்டு. 2021இல் தொற்றுக் காலத்தில், தாங்கள் வந்த விமானத்தில் ஒருவருக்கு நோய் இருந்தது தெரியவந்ததால் இந்தோனேசிய அணி முழுவதும் போட்டியின் நடுவில் விலக்கப்பட்டது. அரசின் சுகாதார விதி அது, போட்டி நடத்தியவர்களின் விருப்பம் அன்று. ஆயினும் எட்டு முறை வென்ற ஹார்த்தோனோவின் நாட்டுக்கு அது ஆறாத வருத்தமாகவே இருந்தது.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. 1938க்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்கள் ஒற்றையர் பட்டத்தைத் தம் கையால் பிறநாட்டவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெண்கள் ஒற்றையரில் கில்லியன் கில்க்ஸ் 1978இல் வென்ற பிறகு அங்கும் அதே நிலைதான். அரங்கை ஹாரிங்கேயிலிருந்து எர்ல்ஸ் கோர்ட்டுக்கும், அங்கிருந்து வெம்பிளிக்கும், 1994இல் லண்டனையே விட்டுப் பர்மிங்காமுக்கும் மாற்றினார்கள். போட்டியை மட்டும் நிறுத்தவில்லை.

அதனால் அவர்கள் அடைந்ததும் கொஞ்சமில்லை. உலகப் போட்டி என்று ஒன்று முறைப்படி தொடங்கியது 1977இல், ஸ்வீடனின் மால்மோ நகரில். அதுவரை ஆல் இங்கிலாந்தில் வென்றவரையே உலகம் தன் முதல் ஆட்டக்காரராக மதித்தது. அந்த மதிப்பு ஆங்கிலேயர் வென்றதால் வந்ததா? வோங்கும் கோப்ஸும் ஹார்த்தோனோவும் அங்கே வந்து வென்றதால் வந்தது. உள்ளூராருக்கு மட்டும் என்று 1950இல் கதவைச் சாத்தியிருந்தால் இன்று அது ஒரு மாவட்டப் போட்டி அளவில் சுருங்கியிருக்கும். 2018இல் உலகச் சுற்றுப் போட்டிகளைத் தரம் பிரித்தபோது அதை மிக உயர்ந்த வரிசையில் வைத்ததற்கும் இந்த நீண்ட நினைவே காரணம் என்பது என் எண்ணம்.

*

வெளியூரிலிருந்து வந்து வென்றவர்கள் என்ன கொண்டுபோனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரகாஷ் படுகோனே பெங்களூரில் ஆடிப் பழகியது கனரா யூனியன் என்ற சங்கத்தின் மண்டபத்தில். அது கல்யாண மண்டபமாகவும் இருந்ததால், முகூர்த்த நாளென்றால் பயிற்சி கிடையாது. அந்த மண்டபத்திலிருந்து வெம்பிளிக்குப் போனவர், 1980இல் அதற்கு முந்தைய ஈராண்டுகளும் பட்டம் வென்றிருந்த இந்தோனேசியாவின் லிம் ஸ்வீ கிங்கை 15–3, 15–10 என்று வீழ்த்தினார். ஆல் இங்கிலாந்தை வென்ற முதல் இந்தியர். அவர் 1994இல் தொடங்கிய பயிற்சிக் கூடத்தில் பயின்ற புல்லேலா கோபிசந்த், 2001இல் பர்மிங்காமில் சீனாவின் சென் ஹாங்கை 15–12, 15–6 என்று வென்றார். அப்போது நான் முதுகலை மாணவன். விடுதி வாசிப்பறையில் நாளிதழின் கடைசிப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. யாரோ அதைக் கத்தரித்து எடுத்துவிட, அடுத்து வந்தவர்கள் ஓட்டை வழியாக அரசியல் செய்தி படித்தார்கள். கோபிசந்த் பிறகு ஐதராபாத்தில் கூடம் அமைத்தார். அங்கே பயின்ற சாய்னா நேவால் 2015இல் அதே பர்மிங்காமில் இறுதியாட்டம் வரை போனார். ஒருவர் அந்நிய அரங்கில் வென்று வந்தது, ஓர் ஊரில் ஒரு கூடமாகி, இன்னோர் ஊரில் இன்னொரு கூடமானது.

தமிழ்க் காதுக்கு இனிக்கும் ஒரு பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. மலேசியாவின் 'பஞ்ச்' குணாலன். ஆங்கிலக் குத்துச்சண்டைச் சொல்லைப் போல ஒலித்தாலும் அந்தப் 'பஞ்ச்' பஞ்சாட்சரத்தின் சுருக்கம். ஐந்தெழுத்து ஓரெழுத்தாய்க் குறுகியது என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு. 1971இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து ஆல் இங்கிலாந்தின் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். 1974இல் ஒற்றையர் இறுதியில் ஹார்த்தோனோவிடம் தோற்றார். ஆடி முடித்த பிறகு உலகச் சங்கத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரானார். 2006இல் பழைய 15 புள்ளி முறை போய் இன்றைய 21 புள்ளி முறை வந்ததில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. விருந்தாளியாய் வந்தவர் அந்த ஆட்டத்தின் விதியைத் திருத்தி எழுதும் இடத்துக்கு உயர்ந்தார். ஆல் இங்கிலாந்திலும் இன்று புள்ளி எண்ணுவது அந்த முறைப்படிதான்.

உள்ளூராருக்கு ஒன்றுமே வாய்க்கவில்லை என்பதும் பிழை. 2005இல் கலப்பு இரட்டையரில் இங்கிலாந்தின் நேதன் ராபர்ட்சனும் கெயில் எம்ஸும் சொந்த மண்ணில் வென்றார்கள். உலகத்தார் எல்லோரும் வந்திருக்க, அவர்கள் நடுவே வென்ற வெற்றி அது. அடைத்த கதவுக்குள் கிடைக்கும் பத்துக் கோப்பைகள் அதற்கு ஈடாகுமா?

*

இனி எங்கள் கல்லூரிக்கு வருகிறேன். சென்ற தையில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர், இரண்டு பேருந்து மாறி வந்த ஓர் அரசுக் கல்லூரி மாணவி. கையில் குறிப்பு இல்லை; அலங்காரச் சொற்களும் இல்லை. தன் ஊர் நூலகம் பூட்டிக்கிடப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். எங்கள் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, அவளும் போட்டியாளர்தான், மேடையோரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, "ஐயா, நான் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சிருக்கேன். அந்த அக்காதான் பேசினாங்க" என்றாள். மூன்றாண்டு வகுப்பில் நான் அவளுக்குக் கற்பிக்க முயன்று தோற்ற பாடம் இது. போட்டி எங்களுக்குள் மட்டும் நடந்திருந்தால் அவளுக்கே முதற்பரிசு கிடைத்திருக்கும். கோப்பையும் எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்திருக்கும். அவள் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டாள்.

மூத்த பேராசிரியரின் கவலையை நான் தள்ளவில்லை. தொடர்ந்து தோற்கும் பிள்ளைகள் சோர்ந்துபோவது உண்மை. அவர்களுக்கென ஆடி மாதத்தில் கல்லூரிக்குள் ஒரு போட்டி வைப்போம், பரிசும் தருவோம். அதில் தேறியவர்களைத் தைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்துவோம். இங்கிலாந்து 1964இல் கண்ட வழி அதுதான். செலவைப் பற்றிய கவலைக்கும் விடை உண்டு. சாம்பார் சாதத்தைத் தயிர்சாதமாக்கிக்கொள்ளலாம். வெளியூர்ப் பிள்ளைகள் சாப்பாட்டுக்காக இரண்டு பேருந்து மாறி வருவதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள், அந்தச் சுழற்கோப்பையின் அடிப்பீடத்தை எடுத்த பழைய நிழற்படம் ஒன்றைத் துறைக் கோப்பில் தேடிப் பிடித்தேன். முதல் சில ஆண்டுகள் எங்கள் கல்லூரியின் பெயரே திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருந்தது. பிறகு மற்றக் கல்லூரிகளின் பெயர்கள் வரத் தொடங்கின. நான் அறிந்திராத இரண்டு சிற்றூர்க் கல்லூரிகளும் அதில் இருந்தன. பீடத்தில் இன்னும் ஏழெட்டுப் பெயர்களுக்கு இடமிருந்தது.

அடுத்த கூட்டம் வரும் வியாழக்கிழமை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். இந்த முறை இறகுப்பந்திலிருந்து தொடங்கப் போவதில்லை. அந்த மாணவி சொன்னதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஐயா இடைமறிக்காமல் கேட்டாரானால், தாமஸ் கோப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை.